தூண்டில் பிடித்த துணிக்கடைக்காரர்

1653-ம் ஆண்டு லண்டன் நகரில் ஒரு சின்னப் புத்தகம் வெளிவந்தது. விலை 18 பென்ஸ். சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். முகப்பில் ஆசிரியர் பெயர் இல்லை. ஆற்றில் மீன் பிடிப்பது எப்படி என்று சொல்லும் புத்தகம் அது.

இங்கிலாந்து அப்போது கொந்தளித்துக்கொண்டிருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் மன்னர் முதலாம் சார்லஸின் தலையை வெட்டியிருந்தார்கள். அந்த ஏப்ரல் மாதத்தில் தளபதி கிராம்வெல் சிப்பாய்களுடன் பார்லிமெண்டுக்குள் புகுந்து, உறுப்பினர்களை வெளியே விரட்டினார். அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி என்று குடும்பங்கள் உடைந்து கிடந்தன. அந்த நேரத்தில் ஒருவர் தூண்டிலைப் பற்றிப் புத்தகம் எழுதினார்!

அவர் பெயர் ஐசக் வால்டன். அப்போது அவருக்கு வயது 60.

ஏழு குழந்தைகள்

வால்டன் 1593-ல் ஸ்டாபோர்டு என்ற ஊரில் பிறந்தார். நான்கு வயது நிரம்புமுன் தகப்பனார் இறந்துவிட்டார். பையன் பிழைப்புத் தேடி லண்டனுக்கு வந்து, கடையில் வேலை பழகினான். பிறகு நகரின் நடுவே, பிளீட் தெரு அருகில் சொந்தமாகவே துணிக்கடை வைத்தான்.

அவருக்குக் கல்லூரிப் படிப்புக் கிடையாது. ஆனால் படித்தவர்களின் நட்பு இருந்தது. அந்த வட்டாரக் கோயிலில் பாதிரியாராக இருந்தவர் ஜான் டன். இன்றும் ஆங்கிலம் படிப்பவர்கள் போற்றும் பெருங்கவி அவர். துணி விற்பவரும் கவிஞரும் நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள். டன் மறைந்த பின், 1640-ல், அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் வால்டன்தான்.

அதே ஆண்டு அவருடைய மனைவி ரேச்சல் காலமானார். அவர்களுக்குப் பிறந்தவை ஏழு குழந்தைகள். ஒன்றன் பின் ஒன்றாக எல்லாம் இறந்தன. கடைசியாக இருந்த பெண் குழந்தையையும் 1642-ல் பறிகொடுத்தார். அந்த ஆண்டில்தான் உள்நாட்டு யுத்தமும் மூண்டது.

ஓய்ந்த நேரங்களில் வால்டன் தூண்டிலை எடுத்துக்கொண்டு லண்டனுக்கு வடக்கே ஓடும் லீ ஆற்றங்கரைக்குப் போவார். அந்தக் கரையில்தான் அவருடைய புத்தகமும் நடக்கிறது. மே மாதக் காலை நேரம். இருவர் வழியில் சந்திக்கிறார்கள். ஒருவர் மற்றவருக்கு மீன் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார். மழை வந்தால் வேலியோரம் ஒதுங்குகிறார்கள். இரவு சத்திரத்தில் பிடித்த மீனைச் சமைக்கச் சொல்லிவிட்டுப் பாட்டுப் பாடுகிறார்கள். சண்டை என்ற பேச்சே இல்லை. சண்டையில் சலித்துப்போயிருந்த ஜனங்கள் அதை விரும்பி வாங்கினார்கள்.

மன்னரின் நகை

வால்டன் பயந்த சுபாவம் உள்ளவர் என்று எண்ணிவிடக் கூடாது.

1651-ல், வெட்டுண்ட மன்னரின் மகன் இரண்டாம் சார்லஸ், ஊஸ்டர் என்ற இடத்தில் நடந்த சண்டையில் தோற்று ஓடினார். அவருடைய விலை உயர்ந்த பதக்கம் ஒன்று கர்னல் பிளேக் என்ற விசுவாசியிடம் இருந்தது. கர்னல் அதை ஸ்டாபோர்டு பகுதியில் ஒரு வீட்டில் ஒப்படைத்துவிட்டு, எதிரிகளிடம் பிடிபட்டார். அவரை லண்டன் கோட்டைச் சிறையில் அடைத்தார்கள்.

பதக்கம் கை மாறி வால்டனிடம் வந்தது. அவர் அதை லண்டனுக்குக் கொண்டுவந்து, சிறைக்குள் இருந்த கர்னலிடமே சேர்த்தார்! பிடிபட்டிருந்தால் அவர் கதி என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 58 வயது ஜவுளிக்காரர் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பிறகு கர்னல் சிறையிலிருந்து தப்பி, கடல் கடந்து போய், பதக்கத்தை மன்னரிடம் கொடுத்தார்.

பொய் ஈ

வால்டனின் புத்தகத்தில் ஒரு குறை இருந்தது. அது அவருக்கே தெரியும்.

புழு மாட்டிப் பிடிப்பதில் அவர் கைதேர்ந்தவர். ஆனால் மலையடிவார ஆறுகளில் வாழும் டிரவுட் மீனைப் பிடிக்க வேறு வழி உண்டு. (நீலகிரி ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டதும் இந்தக் குடும்பத்து மீன்தான்.) கோழி இறகையும் பட்டு நூலையும் முள்ளில் சுற்றி, அசல் ஈயைப் போலவே செய்து தண்ணீர் மேல் வீச வேண்டும். மீன் அதை ஈ என்று நம்பிக் கவ்வும். இந்த வித்தையில், தாமஸ் பார்க்கர் என்ற சமையல்காரர் சொன்னதைத்தான் வால்டன் பெரும்பாலும் எழுதியிருந்தார்.

குறையை நீக்க ஒரு வாலிபர் கிடைத்தார். அவர் சார்லஸ் காட்டன். வால்டனைவிட 37 வயது இளையவர். டவ் ஆற்றங்கரையில் பெரிய மாளிகைக்குச் சொந்தக்காரர். கவிஞர், சூதாட்டப் பிரியர், கழுத்தளவு கடன். சாதுவான கிழவருக்கும் இந்த உல்லாச மனிதருக்கும் எப்படி ஒத்துப்போயிற்றோ! காட்டன் அவரைத் தகப்பனாராகவே பாவித்தார். 1674-ல் ஆற்றோரம் ஒரு சிறிய கல் வீடு கட்டி, வாசலுக்கு மேலே இருவர் பெயரின் முதல் எழுத்துக்களையும் பின்னிச் செதுக்கினார்.

1676-ல் புத்தகம் ஐந்தாம் பதிப்புக்குப் போனது. பொய் ஈயைப் பற்றி எழுதித் தரும்படி வால்டன் கேட்டிருந்தார். அச்சு வேலை நெருங்கிவிட்டது. காட்டன் பத்து நாட்களில் எழுதி முடித்து அனுப்பினார். அந்தப் பத்து நாள் வேலைதான் இன்றும் அவர் பெயரைக் காப்பாற்றுகிறது.

கோடைக் காலம்

காட்டன் மாதம் மாதமாக, எந்த ஈ எப்போது பறக்கும் என்று கணக்குச் சொல்கிறார். அறுபதுக்கும் மேற்பட்ட ஈக்கள்!

எல்லாவற்றிலும் பெரிய விருந்து மே மாதக் கடைசியில் வரும் பச்சை ஈ. அது புழுவாக ஆற்று மண்ணுக்குள் இரண்டு வருஷம் வரை கிடக்கிறது. பிறகு சிறகு முளைத்து மேலே வருகிறது. அதற்குப் பின் ஓரிரு நாள்தான் ஆயுள். உண்பதற்கு வாய் கூடக் கிடையாது. முட்டை இட்டு மடிகிறது. அந்தச் சில வாரங்கள் மீன்கள் வெறி பிடித்ததுபோல் தின்னும்.

விருந்து முடிந்து கோடை முற்றினால் சிரமம். ஆறு வற்றிக் கண்ணாடிபோல் தெளிந்துவிடும். கரையில் நிற்பவரின் நிழல் விழுந்தாலே மீன் ஓடிவிடும். ஆகவே தள்ளி நின்று, மெல்லிய நூலில், சிறிய ஈயை வீச வேண்டும் என்பது காட்டனின் விதி. அவர் காலத்துக் கோல் 15 முதல் 18 அடி நீளம். நூல், குதிரை வால் முடி. முள்ளுக்கு அருகில் இரண்டே இரண்டு முடி! அதை வைத்து 20 அங்குல மீனைக் கரையேற்றத் தெரியாதவன் தூண்டில்காரனே அல்ல என்பது அவர் கட்சி.

காற்று வீசித் தண்ணீர் சிலிர்த்தால் ஆழமான மடுவில் வீசலாம். காற்று இல்லையென்றால் ஓடும் நீரில்தான் வீச வேண்டும். மழைக்குப் பின் கலங்கிய நீர் தெளியத் தொடங்கும் நேரம் நல்ல நேரம்.

காட்டன் காலத்தில் தெரியாத காரணம் ஒன்று இன்று தெரியும். தண்ணீர் சூடானால் அதில் கரைந்துள்ள பிராணவாயு குறையும். வெப்பம் 20 டிகிரி செல்ஷியஸைத் தாண்டினால் டிரவுட் தளர்ந்துபோகும். கோடையில் அதிகாலையிலும் அந்தியிலும் மட்டும் அது இரை தேடுவது இதனால்தான். மலை ஏரிகளிலும் இதே கதைதான். மேல் நீர் சூடேறியதும் மீன் ஆழத்துக்கு இறங்கிவிடும்.

நிலக்கரி

வால்டன் 1647-ல் மறுமணம் செய்திருந்தார். அந்த மனைவி ஆன் 1662-ல் மறைந்தார். ஆனால் அவர் பெற்ற ஒரு பெண்ணும் ஒரு பையனும் பிழைத்தார்கள். கிழவரின் கடைசிக் காலம் வின்செஸ்டர் நகரில், மகளின் வீட்டோடு கழிந்தது.

காட்டனோ, கடன் தாங்காமல் 1681-ல் ஆற்றங்கரை மாளிகையையே விற்றார். மாளிகை பின்னாளில் இடிந்துபோனது. இரண்டு பெயர் எழுத்துக்களைத் தாங்கிய அந்தச் சிறு கல் வீடு மட்டும் இன்னும் ஆற்றோரம் நிற்கிறது.

1683 ஆகஸ்டில் வால்டன் உயில் எழுதினார். ஸ்டாபோர்டுக்கு அருகில் அவருக்கு ஒரு பண்ணை இருந்தது. மகன் கலியாணம் செய்துகொள்ளாவிட்டால் அது பிறந்த ஊருக்குச் சேர வேண்டும். அதன் வருமானத்தில் ஏழைப் பையன்கள் தொழில் பழக வேண்டும் என்று எழுதினார். ஏழைகளுக்கு அடுப்பு மூட்ட நிலக்கரி வாங்கித் தரவும் ஏற்பாடு செய்தார். ஜனவரிக் கடைசி வாரத்திலோ பிப்ரவரி முதல் வாரத்திலோ கொடுக்க வேண்டும், ஏழைகளை மிகவும் வாட்டும் நாட்கள் அவைதான் என்று காரணமும் எழுதிவைத்தார்.

அந்தக் குளிர்காலம் இங்கிலாந்து கண்ட மிகக் கொடிய குளிர்காலங்களில் ஒன்று. தேம்ஸ் நதியே உறைந்து, அதன் மேல் கடை போட்டார்கள். வால்டன் அதைப் பார்க்கவில்லை. 1683 டிசம்பர் 15-ந் தேதி, 90-வது வயதில் காலமானார். மகன் மணம் செய்யாமலே 1719-ல் இறந்தார். பண்ணை ஊருக்கு வந்தது.