கில்லெஸ்பி துரையின் வீரமும் வேகமும்

வீரத்திற்கு விவேகமும் தண்ணளியும் துணையாதல் வேண்டும் என்பதற்கு, ராலோ கில்லெஸ்பி என்னும் ஆங்கிலக் குதிரைப்படைத் தலைவரின் சரித்திரத்தினும் தக்க சான்று யாம் கண்டிலேம்.

இவர் 1766-ஆம் ஆண்டில் அயர்லாந்து தேசத்துக் கோம்பர் என்னும் ஊரிற் பிறந்தவர். 1806-ல் ஆர்க்காட்டிலிருந்த 19-ஆம் குதிரைப்படையை நடத்தினார். நெற்றிக்குறி அணியலாகாது, தாடி வளர்த்தலாகாது, புதுவிதத் தலைப்பாகை தரித்தல் வேண்டும் என்னும் கட்டளைகளால் மனம் புண்பட்ட வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள், அவ்வாண்டு ஜூலை 10-ஆம் நாள் வைகறைக்கு முன்னரே கிளர்ந்தெழுந்தனர். செய்தி கேட்ட கில்லெஸ்பி, ஏறத்தாழ 16 மைல் தூரத்தைக் குதிரைமேற் கடுகிக் கடந்து, கயிறு பற்றி மதிலேறி, பின்வந்த பீரங்கிகளால் வாயிலைத் தகர்ப்பித்து, நண்பகலுக்கு முன்னரே கோட்டையைக் கைப்பற்றினார். ஆயின், அகப்பட்ட சிப்பாய்கள் ஏறக்குறைய நூற்றுவரை விசாரணையின்றிச் சுவரருகே நிறுத்திச் சுடுவித்தார். அவர்தம் வீரத்தைப் புகழும் நாம் இக்கொடுமையை மறைத்தல் அறமன்று.

1811-ல் ஜாவாத் தீவுப் போரிலும் இவர் பெரும்புகழ் எய்தினார். 1814 அக்டோபர் 31-ல், டேராடூனை அடுத்த நாலாபானிக் குன்றில் பலபத்திர குன்வார் ஏறத்தாழ 600 பேருடன் காத்துநின்ற கோட்டையை, தம் படைப்பிரிவுகள் யாவும் வந்து கூடுமுன்னரே தாக்கினார். தாக்குதல் முறியவே, தாமே முன்சென்று குண்டுபட்டு மாண்டார். வேலூரில் வெற்றி தந்த வேகமே ஈண்டு உயிரைக் கொண்டது.

பின்னர் ஆங்கிலேயர் டேராடூனில் இரு தூண்களை அருகருகே நாட்டினர். ஒன்று கில்லெஸ்பிக்கும் அவருடன் வீழ்ந்தோர்க்கும். மற்றொன்று எதிர்த்துநின்ற பலபத்திரருக்கும் அவர்தம் கூர்க்கா வீரர்க்கும் உரியது. வேலூர்ச் சிப்பாய்களுக்கோ நம் நாட்டாரே பிற்காலத்தில் நினைவுத்தூண் எடுத்தனர். பகைவரிடத்தும் வீரத்தை மதிக்கும் பண்பை நம் சிறார்க்கு உணர்த்துவோமாக.