தன் மூச்சையே பணயம் வைத்த பேராசிரியர்

வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் இளம் என்ஜினீயர் ஒருவர் எனக்குப் பழக்கம். நாலு நாள் விடுமுறை கிடைத்தால் போதும், கடலுக்கு ஓடிவிடுவார். மீன் பிடிக்க அல்ல, மூழ்கிப் பார்க்க! சென்ற வாரம் இரண்டு சுவாசக் கருவிகளின் விவரக் காகிதங்களைக் கொண்டுவந்து என் முன்னால் பரப்பினார். இரண்டில் எதை வாங்கலாம் என்று கேட்டார். நீச்சல்கூடச் சரியாகத் தெரியாத என்னிடம் யோசனை கேட்டது வேடிக்கைதான். ஆனால் விலை பல லட்ச ரூபாய். தவறினால் போவதோ உயிர். விளையாட்டாகப் பதில் சொல்ல முடியவில்லை.

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு மனிதரின் கதை. அதைத்தான் அவருக்குச் சொன்னேன். இங்கிலாந்தில் பிறந்து, இந்தியக் குடிமகனாக ஒரிசா மண்ணில் மறைந்த பேராசிரியர் ஜே. பி. எஸ். ஹால்டேனின் கதை அது.

விட்ட மூச்சு வீணாவதில்லை

முதலில் கருவியைப் பற்றி இரண்டு வார்த்தை. நாம் இழுக்கும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு. விடும் மூச்சில் இன்னும் 16 பங்கு மிச்சம் இருக்கிறது. சாதாரண சிலிண்டருடன் மூழ்குகிறவர் அந்த மிச்சத்தைக் குமிழியாகக் கடலில் விட்டுவிடுகிறார். ரீபிரீதர் என்ற கருவி அப்படி விடுவதில்லை. விட்ட மூச்சை ஒரு பையில் பிடித்து, சோடா சுண்ணாம்பு நிரப்பிய டப்பாவின் வழியே செலுத்திக் கரியமில வாயுவை நீக்குகிறது. குறைந்த பிராணவாயுவைச் சேர்த்து மறுபடியும் மூக்கறியாமல் வாய்க்கே அனுப்புகிறது. குமிழி இல்லை, சத்தம் இல்லை, பல மணி நேரம் நீருக்குள் இருக்கலாம். 1878-ல் ஹென்றி ஃப்ளூஸ் என்ற ஆங்கிலேயர் இந்த முறையில் உபயோகமான கருவி ஒன்றைச் செய்துவிட்டார்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இதற்குள் மூன்று எமன்கள் ஒளிந்திருக்கிறார்கள். பிராணவாயு குறைந்தால் மயக்கம், கூடினால் வலிப்பு, கரியமில வாயு தங்கினால் மூச்சுத் திணறல். மூன்றையும் தம் உடம்பிலேயே அனுபவித்துக் கணக்கெழுதி வைத்தவர் ஹால்டேன்.

சுரங்கத்தில் படித்த பாடம்

1892 நவம்பர் 5-ந் தேதி ஆக்ஸ்போர்டில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேனும் பெரிய விஞ்ஞானி. ஆழத்திலிருந்து மூழ்காளி ஒரே மூச்சில் மேலே வரக் கூடாது, படிப்படியாக நின்று நின்று வரவேண்டும் என்று ஆடுகளை வைத்துச் சோதித்துக் கண்டு, 1908-ல் அட்டவணை வெளியிட்டவர் அவர்தான். இன்றைய மூழ்காளிகளின் கணக்குகளுக்கெல்லாம் அதுவே மூலம்.

அந்தத் தந்தை மகனுக்குப் பாடம் சொன்ன விதமே தனி. ஒரு நாள் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் அழைத்துப் போனார். கூரையை ஒட்டி விஷவாயு தேங்கிய இடத்தில் சிறுவனை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, ஷேக்ஸ்பியர் நாடகத்திலிருந்து ஒரு பேச்சை ஒப்பிக்கச் செய்தார். நாலு வரி போவதற்குள் பையனுக்கு மூச்சு வாங்கியது, கால் தளர்ந்து தரையில் சாய்ந்தான். தரையில் நல்ல காற்று! அந்த வாயு காற்றைவிட லேசானது என்பதை அவன் அதன்பின் மறக்கவேயில்லை.

13 வயதில் ஸ்காட்லாந்துக் கடலில் மூழ்கு உடை மாட்டி இறக்கினார்கள். பெரியவர்களுக்குத் தைத்த உடை. சட்டைக் கை வழியே குளிர்ந்த நீர் புகுந்து ஏறிக்கொண்டே வந்தது. பையன் கத்தவில்லை, காற்று வால்வைத் திருகித் திருகி நீரைத் தலைக்கு ஏறவிடாமல் சமாளித்து மேலே வந்தான். என் நண்பர் இந்த இடத்தில் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் பிள்ளையைப் பெற்றவன்.

பிறகு பரம்பரையியலில் உலகப் புகழ் பெற்றதும், லண்டன் பல்கலைக் கழகக் கல்லூரியில் பேராசிரியரானதும் வேறு கதை.

99 பேர் மடிந்தனர்

1939 ஜூன் 1. லிவர்பூல் வளைகுடாவில் ‘தெதிஸ்’ என்ற புதிய நீர்மூழ்கிக் கப்பல் வெள்ளோட்டம் போனது. கப்பல்பட்டறைத் தொழிலாளர்களும் ஏறியிருந்ததால் உள்ளே 103 பேர். வழக்கமான எண்ணிக்கையில் ஏறக்குறைய இரட்டிப்பு. டார்ப்பிடோக் குழாய் வழியே தண்ணீர் புகுந்து கப்பலின் மூக்கு சேற்றில் குத்தி நின்றது. வால் நீருக்கு மேலே தெரிந்தது! தப்பிக்கும் சுவாசக் கருவிகளும் உள்ளே இருந்தன. அதுவும் ஒருவகை ரீபிரீதர்தான். ஆனாலும் நாலு பேர்தான் பிழைத்தார்கள். 99 பேர் மூச்சு முட்டி மடிந்தார்கள்.

தொழிற்சங்கங்கள் ஹால்டேனை அணுகின. கருவி கையில் இருந்தும் ஏன் செத்தார்கள்? விடை காண அவர் புத்தகத்தைப் புரட்டவில்லை. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் போராடித் திரும்பிய நாலு தொண்டர்களைச் சேர்த்துக்கொண்டு, ஸீப் கோர்மன் கம்பெனியின் இரும்பு அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். பதினாலரை மணி நேரம்! தாங்கள் விட்ட மூச்சையே தாங்கள் இழுத்துக்கொண்டு இருந்தார்கள். தலை வெடித்தது, இளைப்பு மிஞ்சியது. கரியமில வாயு சேரச் சேர உடலும் புத்தியும் தளர்ந்து, சாதாரண வேலையும் மலையாகிவிடுகிறது. கருவி மட்டும் நன்றாக இருந்து பயனில்லை என்பது அந்த அறைக்குள் விளங்கியது.

விஷமான பிராணவாயு

போர் மூண்டதும் கடற்படை அவரை அழைத்துக்கொண்டது. குமிழி விடாமல் எதிரித் துறைமுகத்துக்குள் நீந்திப் போக வீரர்களுக்குக் கருவி வேண்டும். அதில் சுத்தப் பிராணவாயுவை நிரப்பினால் எத்தனை அடி ஆழம் வரை போகலாம்?

பிராணவாயு அழுத்தம் மிஞ்சினால் வலிப்பு வரும் என்பதைப் பிரெஞ்சு விஞ்ஞானி பால் பெர் 1878-லேயே பிராணிகளிடம் கண்டிருந்தார். மனிதனுக்கு எல்லை எது? ஹால்டேனும், அவருடைய உதவியாளரும் பிற்காலத்தில் மனைவியுமான ஹெலன் ஸ்பர்வேயும், நண்பர்களும் மாறிமாறி அந்த இரும்பு அறைக்குள் போனார்கள். ஸ்பெயினின் முன்னாள் பிரதமர் நெக்ரின்கூட ஒரு முறை உட்கார்ந்தார்! ருசியே இல்லாதது என்று எல்லோரும் நம்பிய பிராணவாயுவுக்கு அதிக அழுத்தத்தில் ஒரு ருசி இருப்பதை ஹால்டேன் கண்டார்.

ருசியோடு விடவில்லை. ஒரு சோதனையில் வந்த வலிப்பில் உடல் முறுக்கிக்கொண்டு முதுகெலும்புக் கண்ணிகள் நொறுங்கின. அந்த வலி ஆயுள் முழுதும் அவரை விடவில்லை. செவிப்பறையிலும் ஓட்டை விழுந்தது. புகையிலைப் புகையைக் காது வழியே விட்டுக் காட்டி நண்பர்களை மகிழ்விப்பார்.

அவரைத் தொடர்ந்து கென்னத் டொனால்ட் என்ற கடற்படை டாக்டர் நூற்றுக்கணக்கான சோதனைகள் செய்து, இன்னும் ஒரு பயங்கரத்தைக் கண்டார். ஒருவருக்குத் தாங்குவது மற்றவருக்குத் தாங்குவதில்லை. அதே ஆளுக்கே இன்று தாங்கியது நாளைக்குத் தாங்குவதில்லை. முன்னெச்சரிக்கை பல சமயம் வருவதே இல்லை. இன்று சுத்தப் பிராணவாயுவுக்குப் பொதுவாகச் சொல்லும் எல்லை 6 மீட்டர். சுமார் 20 அடி. அவ்வளவுதான்!

நண்பரின் காகிதங்களுக்கு அப்போதுதான் வந்தோம். ஒரு கருவியில் மின்னணுச் சாதனமே பிராணவாயுவை அளந்து சேர்க்கும். மற்றதில் மூழ்குகிறவர் முள்ளைப் பார்த்துத் தாமே விசையை அழுத்த வேண்டும். அவர் மனம் முதலாவதிலேயே இருந்தது. நான் வேறு கேள்விகளைக் கேட்டேன். அளவு சொல்லும் உணர்கருவிகள் மூன்று. மூன்றும் ஒரே சமயத்தில் வாங்கியவை என்றால் மூன்றும் சேர்ந்து கிழடாகிப் பொய் சொல்லாதா? சுண்ணாம்பு டப்பா குளிர்ந்த நீரில் எத்தனை மணி நேரம் உழைக்கும்? கரியமில வாயு சேர்ந்தால் பிராணவாயு வலிப்பும் சீக்கிரம் வரும் என்பது தெரியுமா? வலிப்பு வந்தால் வாய்க்குழாய் நழுவிவிடும். நழுவாமல் தலையோடு கட்ட வார் உண்டா? எல்லாம் கெட்டுப்போனால் தனியே ஒரு சிலிண்டர் இடுப்பில் தொங்குமா?

வாரைப் பற்றி இரண்டு காகிதத்திலும் ஒரு வரி இல்லை. நண்பர் பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

இந்தியக் குடிமகன்

முதல் உலகப் போரில் காயம்பட்டு இந்தியாவில் சிகிச்சை பெற்றவர் ஹால்டேன். அந்தப் பாசம் போகவில்லை. சூயஸ் படையெடுப்பைக் கண்டித்து 1957-ல் இங்கிலாந்தை விட்டுக் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சேர்ந்தார். வேஷ்டியும் ஜிப்பாவும் அணிந்தார். மாமிசத்தை விட்டார். காலுறை போட்டது போதும் என்று அதையும் விட்டார். இந்தியக் குடிமகனானார். 1962-ல் புவனேசுவரத்துக்குக் குடிபெயர்ந்து, ஒரிசா அரசின் உதவியுடன் ஆராய்ச்சிக்கூடம் அமைத்தார். இளைஞர்களுக்கு அவர் சொல்லித் தந்தது விலையுயர்ந்த கருவியை அல்ல. நெல் வயலிலும் தோட்டத்திலும் உட்கார்ந்து எண்ணி, அளந்து, எழுதும் பழக்கத்தை.

புற்றுநோய் வந்தது. லண்டனில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபடியே அந்த நோயைக் கேலி செய்து ஒரு பாட்டு எழுதி அச்சேற்றினார். நோய் அடங்கவில்லை. 1964 டிசம்பர் 1-ந் தேதி புவனேசுவரத்தில் காலமானார்.

தகனமும் இல்லை, கல்லறையும் இல்லை. உயில்படி, நொறுங்கிய முதுகெலும்போடும் ஓட்டைச் செவியோடும் அந்த உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு மாணவர்கள் படிப்பதற்காகப் போய்ச் சேர்ந்தது.