உடுமலை நாராயணகவி

உடுமலை நாராயணகவி (செப்டம்பர் 25, 1899 - மே 23, 1981) தமிழ்த் திரைப்படப் பாடலாசிரியரும் நாடகப் பாடலாசிரியரும் ஆவார். இன்றைய திருப்பூர் மாவட்டத்தில் பிறந்தவர். பகுத்தறிவுக் கவிராயர் என்று அழைக்கப்பட்டார். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனுக்காக எழுதிய கிந்தனார் கதாகாலட்சேபமும், நல்லதம்பி (1949), வேலைக்காரி (1949), பராசக்தி (1952), தூக்குத் தூக்கி (1954) முதலிய படங்களுக்கு எழுதிய பாடல்களும் இவரது படைப்புகளுள் குறிப்பிடத்தக்கவை. சாதி, மூடநம்பிக்கை, பணம், மது போன்ற பொருள்களைச் சாதாரண மக்கள் சிரித்துக்கொண்டே கேட்கும் பாட்டாக மாற்றியதில் தமிழ்த் திரையுலகில் இவருக்கு முன்னோடி இடம் உண்டு.

இளமை

நாராயணசாமி என்பது இவரது இயற்பெயர். உடுமலைப்பேட்டை வட்டத்தில் உள்ள பூளவாடி என்னும் சிற்றூரில் பிறந்தார். அக்காலத்தில் இவ்வூர் சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மாவட்டம் 2009ஆம் ஆண்டில்தான் உருவானது. ஆகவே பழைய நூல்களில் இவர் கோவை மாவட்டத்துக் கவிஞர் என்றே குறிக்கப்படுகிறார்.

சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, தமையனின் ஆதரவில் வறுமையில் வளர்ந்தார். பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றுவிட்டது. பள்ளி தராத கல்வியை ஊர்த் திருவிழாக்கள் தந்தன எனலாம். புரவியாட்டம், ஒயில் கும்மி, தப்பு மேளம், உடுக்கடிப்பாட்டு ஆகிய கலைகளில் இளமையிலேயே பயிற்சி பெற்றார். இவற்றுள் உடுக்கடிப்பாட்டு தனிக் கவனத்துக்குரியது. கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதை போன்ற நீண்ட கதைகள் உடுக்கை ஒலியுடன் இரவிரவாகப் பாடப்படும். பாடுபவர் கதையைச் சொல்ல வேண்டும், பாத்திரங்களாகப் பேச வேண்டும், கூட்டம் தூங்கிவிடாமல் நகைச்சுவையும் சேர்க்க வேண்டும். பிற்காலத்தில் நாராயணகவி திரைப்படத்தில் செய்த வேலையும் ஏறத்தாழ இதுவே.

நாடக மேடை

உடுமலை முத்துசாமிக் கவிராயர் இவரது முதல் ஆசான். ஊர்த் திருவிழாவில் சிறுவன் நாராயணசாமியின் ஆட்டத்தையும் பாட்டையும் கண்ட அவர், இவரைத் தம்மிடம் சேர்த்துக்கொண்டு நாடகக் கலையைக் கற்பித்தார். பின்னர் மதுரைக்குச் சென்று, தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகளிடம் யாப்பிலக்கணம் பயின்றார்.

அக்கால நாடகப் பாடலாசிரியரின் பணி இன்று நாம் எண்ணுவதைவிடக் கடினமானது. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் சொல் போய்ச் சேர வேண்டும். நடிகரின் குரலுக்கு ஏற்ற மெட்டாக இருக்க வேண்டும். பாட்டின் நடுவில் உரையாடலுக்கு இடம் விட வேண்டும். எதுகை, மோனை ஆகியவை அலங்காரத்துக்காக மட்டும் இருந்தவை அல்ல. எழுதப் படிக்கத் தெரியாத நடிகர்கள் வரிகளை நினைவில் வைத்துக்கொள்ள அவையே துணை. நாராயணகவியின் சொற்கள் எளிமையாகவும் யாப்பு கட்டுக்கோப்பாகவும் இருப்பதற்கு இந்தப் பயிற்சியே காரணம்.

தொடக்கத்தில் இவர் எழுதியவை பெரும்பாலும் ஆன்மிகப் பாடல்கள். விடுதலைப் போராட்டக் காலத்தில் தேச உணர்வுப் பாடல்களை எழுதி மேடைகளில் பாடினார். பிழைப்புக்காகச் செய்த தொழில்களுள் கதர்த் துணி விற்பனையும் ஒன்று. 1920களில் திருப்பூர் தென்னிந்தியாவின் முதன்மையான கதர் மையமாக இருந்தது. சுற்றுவட்டார ஊர்களில் நூற்ற நூலும் நெய்த துணியும் அங்கு வந்து சேர்ந்தன. இன்று பின்னலாடை ஏற்றுமதிக்குப் பெயர் பெற்ற அந்நகரம் அன்று கதர் மூட்டைகளால் அறியப்பட்டது. துணியைச் சுமந்து கிராமங்களில் விற்றவருக்குக் கிராமத்தார் பேச்சும் பேரமும் கேலியும் நன்கு பழகியிருக்கும் என்பதை அவரது பாடல்களின் மொழியில் இருந்தே உணரலாம்.

திரைப்படத்துறையில்

முதல் தமிழ்ப் பேசும் படமாகக் கருதப்படும் காளிதாஸ் 1931இல் வெளிவந்தது. அடுத்த பத்தாண்டுப் படங்கள் பெரும்பாலும் மேடை நாடகங்களின் படப்பிடிப்பாகவே இருந்தன. தியாகராஜ பாகவதர் அறிமுகமான பவளக்கொடி (1934) படத்தில் 50 பாடல்கள் இருந்தன. இத்தகைய படங்களுக்கு விரைந்து எழுதக்கூடிய பாடலாசிரியர்கள் தேவைப்பட்டனர். நாடகப் புலவர்கள் பலர் சென்னைக்கு வந்ததும் இதனால்தான். நாராயணகவியும் அவ்வாறே வந்தார்.

ஜுபிடர் பிக்சர்சின் கண்ணகி (1942) படத்தின் பாடல்கள் இவருக்குப் பெரும் புகழைத் தந்தன. பி. யு. சின்னப்பாவும் பி. கண்ணாம்பாவும் நடித்த இப்படத்துக்கு எஸ். வி. வெங்கட்ராமன் இசையமைத்தார். சிலப்பதிகாரக் கதையைக் காவிய நடையின் சுமை இல்லாமல் கொட்டகை மக்களிடம் கொண்டுசென்றதில் இளங்கோவனின் வசனத்துக்கும் இவரது பாடல்களுக்கும் பங்கு உண்டு.

கலைவாணரும் கிந்தனாரும்

நாராயணகவியின் வாழ்வில் திருப்புமுனையாக அமைந்தது என். எஸ். கிருஷ்ணனின் நட்பாகும். நகைச்சுவையின் வழியே சீர்திருத்தக் கருத்துகளைச் சொல்ல விரும்பிய நடிகர் அவர். அக்கருத்துகளுக்குப் பாட்டு வடிவம் கொடுக்கத் தெரிந்தவர் நாராயணகவி. ஆன்மிகப் பாடல்களால் தொடங்கிய ஒருவர், பாதி வாழ்வு கழிந்த பின் பகுத்தறிவுப் பாடல்களுக்குத் திரும்பினார். பழைய வடிவங்களை அவர் கைவிடவில்லை என்பதே இம்மாற்றத்தில் முக்கியமானது.

இதற்குச் சிறந்த சான்று கிந்தனார் கதாகாலட்சேபம். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரம் தமிழகமெங்கும் கதாகாலட்சேபமாகப் பாடப்பட்டு வந்தது. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த நந்தன், சிதம்பரத்துக் கோயிலைக் காண ஏங்குவதே அதன் கதை. நாராயணகவி அதே அமைப்பை எடுத்துக்கொண்டு நந்தனைக் கிந்தனாக்கினார். கிந்தன் ஏங்குவது கல்விக்காக. சாதியின் பெயரால் பள்ளியில் இடம் மறுக்கப்படும் சிறுவன், நகரம் சென்று படித்து உயர்கிறான். இடையில் வரும் ரயில் வண்டிப் பாட்டு, எல்லாச் சாதியாரையும் ஒரே பெட்டியில் ஏற்றிச் செல்லும் வண்டியை வியந்து பாடுகிறது. பாகவதரின் குரல் ஏற்ற இறக்கங்களும் சுருதிப்பெட்டியும் பின்பாட்டும் அப்படியே இருக்க, கதை மட்டும் கோயிலிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு மாறியது. மூலத்தை அறிந்தவர்களுக்கு இதில் இரட்டைச் சுவை. அறியாதவர்களுக்கும் கதை முழுமையாகவே விளங்கும்.

லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944இல் கைதான கிருஷ்ணன் 1947இல் விடுதலையானார். அதன்பின் அவர் நடித்த நல்லதம்பி 1949இல் வெளிவந்தது. கா. ந. அண்ணாதுரை கதை வசனம் எழுத, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கினர். இசை சி. ஆர். சுப்பராமன். மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன் (1936) என்ற அமெரிக்கப் படத்தைத் தழுவிய கதை இது. கிந்தனார் இப்படத்திலும் இடம்பெற்றது. மதுவிலக்கும் படத்தின் முக்கியப் பொருள்களுள் ஒன்று.

இப்படத்தில் கணவனும் மனைவியும் அறிவியலைப் பற்றிப் பாடும் நகைச்சுவைப் பாடல் ஒன்று உண்டு. பொத்தானை அழுத்தினால் சிற்றுண்டி வந்து நிற்க வேண்டும் என்பது போன்ற கற்பனைகள் அதில் வருகின்றன. மின்சாரமே எட்டாத ஊர்கள் பல இருந்த 1949இல் இது வெறும் வேடிக்கையாகத் தோன்றியிருக்கும். ஆயினும் அறிவியலின் பயன் முதலில் சமையலறை வேலையைக் குறைக்க வேண்டும் என்று எண்ணிய பாடலாசிரியரின் பார்வை கூர்மையானது.

வேலைக்காரி முதல் தூக்குத் தூக்கி வரை

அதே 1949இல் ஜுபிடர் பிக்சர்ஸ் தயாரிப்பில், ஏ. எஸ். ஏ. சாமி இயக்கிய வேலைக்காரி வெளிவந்தது. இதுவும் அண்ணாதுரையின் கதை. கே. ஆர். ராமசாமி, வி. என். ஜானகி ஆகியோர் நடித்தனர். கடன் கொடுத்தவனின் கொடுமையால் தந்தையை இழந்த இளைஞன் பழிவாங்கப் புறப்படும் கதையில், வசனமே முதன்மை பெற்றது. நீண்ட வசனங்களால் புகழ் பெற்ற திராவிட இயக்கப் படங்களில் பாட்டு ஒதுங்கிவிடும் அபாயம் இருந்தது. வசனம் செந்தமிழில் முழங்கும்போது பாட்டைப் பேச்சு வழக்குக்கு நெருக்கமாக எழுதி, அதற்குத் தனி இடம் தேடிக்கொண்டார் நாராயணகவி.

பராசக்தி (1952) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மு. கருணாநிதியின் வசனத்துக்காகவும் சிவாஜி கணேசனின் முதல் படம் என்பதற்காகவும் இது நினைவுகூரப்படுகிறது. ஆனால் பசித்த மனிதர்களுக்குக் காக்கைகளின் கூடி உண்ணும் பழக்கத்தைச் சுட்டிக்காட்டும் பாடல், வசனங்களுக்கு நிகராக மக்களிடம் பரவியது. ஆர். சுதர்சனம் இசையில் சி. எஸ். ஜெயராமன் பாடிய அப்பாடலை எழுதியவர் நாராயணகவி. எந்தச் சிறு குழந்தைக்கும் தெரிந்த ஒரு பறவையின் கூவலை வைத்துக்கொண்டு, உணவைப் பதுக்குவோர் மீது அது வழக்குத் தொடுக்கிறது.

தேவதாஸ் (1953) முற்றிலும் வேறுபட்ட படம். தெலுங்கிலும் தமிழிலும் உருவான இப்படத்தின் தமிழ்ப் பாடல்களை எழுதியவர்களுள் நாராயணகவியும் ஒருவர். இசையமைப்பாளர் சி. ஆர். சுப்பராமன் 1952இல் இளம் வயதிலேயே காலமானதால், எஞ்சிய பணியை அவரது உதவியாளராக இருந்த எம். எஸ். விசுவநாதன் முடித்தார். கண்டசாலா பாடிய சோகப் பாடல்கள் இன்றும் வானொலியில் ஒலிக்கின்றன. கேலிப் பாட்டுக்கே உரியவர் என்று இவரை ஒதுக்கிவிட இயலாது என்பதற்கு இப்படம் சான்று.

தூக்குத் தூக்கி (1954) நாடகமாகவும் முன்னரே படமாகவும் வந்த நாட்டார் கதை. ஆர். எம். கிருஷ்ணசாமி இயக்கினார். ஜி. ராமநாதனின் இசையில் டி. எம். சௌந்தரராஜன் முதன்முதலாக சிவாஜி கணேசனுக்குப் பின்னணி பாடினார். நாராயணகவி, மருதகாசி, தஞ்சை ராமையாதாஸ் ஆகியோர் பாடல்களை எழுதினர். பெண்களை நம்பலாகாது என்று கதைநாயகன் பாடும் புகழ்பெற்ற பாடல் நாராயணகவி எழுதியது. கதைப்படி மனைவியால் ஏமாற்றப்பட்டவனின் ஆத்திரமே அப்பாட்டு. எனினும் பெண் விடுதலை பேசிய படங்களுக்கும் எழுதிய ஒருவரின் கையிலிருந்து இது வந்தது என்பது இன்று கேட்போருக்கு உறுத்தவே செய்யும். பாத்திரத்துக்காக எழுதும் பாடலாசிரியரின் சங்கடம் அது.

மாதச் சம்பளத்தின் பாட்டு

முதல் தேதி (1955) படத்தில் என். எஸ். கிருஷ்ணன் பாடும் ஒரு பாடல், சம்பளம் வாங்கிய நாள் தொடங்கிக் கையில் பணம் தீரும் வரை ஒரு குடும்பத்தின் மனநிலையை நாள் கணக்கில் சொல்கிறது. பி. நீலகண்டன் இயக்க, டி. ஜி. லிங்கப்பா இசையமைத்த படம் இது. வாரக் கூலியோ மாதச் சம்பளமோ வாங்கும் எவருக்கும் இப்பாட்டுக்கு உரை தேவையில்லை. அதே ஆண்டு வெளிவந்த டாக்டர் சாவித்திரி படத்தில் கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் பாடும் பாடல், பிள்ளைப்பேற்றுக்காகத் தலயாத்திரை போகும் வழக்கத்தைக் கேலி செய்தது.

இத்தகைய பாடல்கள் நம்பிக்கை உடையவர்கள் நிறைந்த கொட்டகைகளில் எதிர்ப்பின்றி ரசிக்கப்பட்டதற்கு அவற்றின் அமைப்பே காரணம். பெரும்பாலும் இவை இருவர் பாடும் தர்க்கப் பாட்டுகள். ஒருவர் பழைய வழக்கத்துக்காகப் பேச, மற்றவர் மறுப்பார். பார்ப்பவர் தாம் சொல்ல நினைத்ததைத் திரையில் ஒருவர் சொல்லக் கேட்கிறார். பின்னர் அதற்கு வந்த விடையைக் கேட்டுச் சிரிக்கிறார். லாவணி, கும்மி போன்ற கலைகளில் பழகிய கேள்வி-பதில் முறைதான் இது.

பிற்காலம்

1957 ஆகத்து 30ஆம் நாள் என். எஸ். கிருஷ்ணன் காலமானார். இதற்குள் மருதகாசி, பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், கண்ணதாசன் என்று அடுத்த தலைமுறை எழுந்துவிட்டது. நாராயணகவி எழுதிய படங்களின் எண்ணிக்கை குறைந்தது. ஆயினும் தேவர் பிலிம்சின் விவசாயி (1967) படத்தில் மருதகாசியுடன் இவரும் பாடல் எழுதினார். கே. வி. மகாதேவன் இசையில், எம். ஜி. ராமச்சந்திரனுக்காக சௌந்தரராஜன் பாடிய பாடல் ஒன்றில், நிலம் பார்த்து விதைப்பதைப் போல மனிதரின் மனத்தில் நல்லவற்றை விதைக்கச் சொல்கிறார். கரிசல் மண்ணில் வளர்ந்தவருக்கு அப்போது வயது 68.

தமிழ்நாடு அரசின் கலைமாமணி விருதைப் பெற்ற இவர் மே 23, 1981 அன்று காலமானார். 2008இல் இந்திய அஞ்சல் துறை இவரது நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. உடுமலைப்பேட்டையில் தமிழ்நாடு அரசு எழுப்பிய மணிமண்டபம் உள்ளது.

பாடல்களை அடையாளம் காணல்

நாராயணகவியின் படைப்புகளைத் தொகுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அக்காலப் படங்களில் ஒரே படத்துக்குப் பலர் பாடல் எழுதினர். பராசக்தியில் பாரதியார், பாரதிதாசன், கருணாநிதி, காமாட்சிசுந்தரம் முதலியோரின் பாடல்களும் உள்ளன. படத்தின் தொடக்கத்தில் பெயர்கள் ஒருசேரக் காட்டப்படுமே தவிர, எந்தப் பாட்டு யாருடையது என்று குறிக்கப்படுவதில்லை. கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் சிலவற்றிலும் இதே நிலைதான். இசைத்தட்டுகளால் பாடியவரின் பெயர் நிலைத்தது. எழுதியவரின் பெயர் பின்தங்கியது. இதனால் இவரது பாடல்கள் பிறர் பெயரிலும், பிறர் பாடல்கள் இவர் பெயரிலும் வழங்குகின்றன.

இன்று இப்படங்களை வீட்டிலிருந்தே காண இயலும். இவரை அறிய விரும்பும் மாணவர்கள் நல்லதம்பியில் இருந்து தொடங்கலாம். கிந்தனார் பகுதியைப் பார்க்கும் முன் நந்தனார் கதையை ஒருமுறை படித்துக்கொள்வது நல்லது. நல்லதம்பியின் பழைய படச்சுருள்களில் ஒலி தெளிவில்லாத இடங்கள் இருப்பதால், பாட்டை இருமுறை கேட்க வேண்டியிருக்கலாம்.