ஆனந்தரங்கம் பிள்ளை

ஆனந்தரங்கம் பிள்ளை (மார்ச் 30, 1709 - சனவரி 1761) புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சியின் தலைமைத் துபாசியாகவும் வணிகராகவும் விளங்கியவர். 1736 முதல் 1761 வரை ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் இவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பு, தென்னிந்தியாவில் பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த கர்நாடகப் போர்களை அறிய உதவும் முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாகும்.

வாழ்க்கை

சென்னை பெரம்பூரில் பிறந்தார். தந்தை திருவேங்கடம் பிள்ளை. உறவினரான நைனியப்ப பிள்ளை புதுச்சேரியில் தலைமைத் துபாசியாக இருந்தார். அவருடைய தூண்டுதலால் இக்குடும்பம் புதுச்சேரியில் குடியேறியது. பிரெஞ்சு ஆளுநர் எபேரின் காலத்தில் நைனியப்ப பிள்ளை குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறையிலடைக்கப்பட்டார். 1717 இல் சிறையிலேயே இறந்தார். ஆளுநரின் தயவு எவ்வளவு நிலையற்றது என்பதை இக்குடும்பம் நேரில் கண்டிருந்தது. நடந்தவற்றை நாள் தவறாது எழுதி வைக்கும் பழக்கத்துக்கு இந்நிகழ்வும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

துபாசி என்பவர் வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர். நவாபுகளின் மடல்களைப் படித்துச் சொல்வது, வணிகரோடு விலை பேசுவது, ஊர்ச் செய்திகளைத் திரட்டி ஆளுநருக்கு அறிவிப்பது ஆகிய யாவும் அவர் பொறுப்பு. தலைமைத் துபாசி கனகராய முதலி 1746 இல் இறந்தபின் ஆளுநர் தூப்ளே அப்பணிகளைப் பிள்ளையிடம் ஒப்படைத்தார். 1747 இல் பதவி முறைப்படி கிடைத்தது. ஆனந்தப் புரவி என்னும் சொந்தக் கப்பலும் இவருக்கு இருந்தது. 1756 இல் பதவி நீங்கினார். ஆங்கிலேயரின் முற்றுகையால் புதுச்சேரி வீழ்ந்த 1761 சனவரி மாதத்திலேயே காலமானார்.

நாட்குறிப்பு எழுதிய முறை

நாட்குறிப்பு 1736 செப்டம்பர் 6 அன்று, நள ஆண்டு ஆவணி மாதத்தில் தொடங்குகிறது. காதால் கேட்பதையும் கண்ணால் காண்பதையும், கப்பல்களின் வரவு போக்கையும், புதுமையாக நடப்பவற்றையும் எழுதப்போவதாகத் தொடக்கத்திலேயே அறிவித்துக்கொள்கிறார். தமிழ் ஆண்டு, மாதம், தேதி, கிழமை ஆகியவற்றுடன் ஐரோப்பியத் தேதியும் தரப்படுகிறது. நேரம் நாழிகைக் கணக்கிலும் வரும். வணிகரின் பேரேட்டு ஒழுங்கு போருக்கும் பொருத்தப்பட்டது எனலாம்.

இந்த இரட்டைத் தேதி முறையின் பயன் பெரிது. 1752 வரை ஆங்கிலேயர் பழைய யூலியன் நாட்காட்டியையும் பிரெஞ்சுக்காரர் கிரெகொரியன் நாட்காட்டியையும் பின்பற்றியதால், ஒரே நிகழ்வுக்கு இரு தரப்பு ஆவணங்களிலும் 11 நாள் வேறுபாடு காணப்படும். பிள்ளை தரும் தமிழ்த் தேதியும் கிழமையும் இவற்றைச் சரிபார்க்க உதவுகின்றன. கர்நாடகப் போர்களை வரைபடத்தில் வைத்து நாள்வாரியாக மீண்டும் நடத்திப் பார்க்கும் ஆய்வாளர்க்கும் போர் விளையாட்டு ஆர்வலர்க்கும் இதைவிட நல்ல துணை கிடைப்பது அரிது.

செய்தியை யார் சொன்னார் என்பதையும் பல இடங்களில் குறித்துள்ளார். 1746 இல் லபூர்தொனே சென்னையைக் கைப்பற்றியபின் அவருக்கும் தூப்ளேக்கும் மூண்ட பூசல், 1748 இல் பொஸ்காவனின் முற்றுகை, அம்முற்றுகைக் காலத்தில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது, 1749 இல் ஆம்பூர்ப் போரில் அன்வருதீன் கொல்லப்பட்டது, 1754 இல் தூப்ளே திருப்பி அழைக்கப்பட்டது ஆகியவை இவ்வாறு பதிவாயின.

குறைகளும் உண்டு. சோதிடத்தில் பெரும் நம்பிக்கை கொண்டவர். தன் பெருமையை மறைக்காதவர். தூப்ளேயின் மனைவி மீது அவருக்கிருந்த வெறுப்பு பக்கங்கள் தோறும் தெரிகிறது. இடையிடையே விடுபட்ட பகுதிகளும் உள்ளன. தவிர, புதுச்சேரியில் இருந்தபடி எழுதியதால், கம்பம் பள்ளத்தாக்கை உள்ளடக்கிய திண்டுக்கல் சீமை போன்ற தொலைவிடங்களின் செய்திகள் மடல்கள் வழியாகவும் வாய்மொழியாகவுமே அவரை எட்ட முடிந்தது. 1764 இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட யூசுப் கானின் கால் ஒன்று, இன்றைய தேனி மாவட்டத்துப் பெரியகுளத்தில் அடக்கம் செய்யப்பட்டதாகக் கூறப்படுவதை நாம் செவிவழி மரபாகவே அறிகிறோம். பிள்ளையின் குறிப்பு அதற்கு மூன்றாண்டு முன்னரே முடிந்துவிட்டது.

கண்டெடுப்பும் பதிப்பும்

நெடுங்காலம் குடும்பத்தாரிடம் முடங்கிக் கிடந்த இக்குறிப்பேடுகளை 1846 இல் கலுவா-மொம்பிரேன் கண்டறிந்து படியெடுத்தார். அரியேல் என்பவரால் ஒரு படி பாரிசைச் சென்றடைந்தது. சூலியன் வேன்சோன் 1894 இல் சில பகுதிகளைப் பிரெஞ்சில் வெளியிட்டார். 1904 முதல் 1928 வரை ஆங்கில மொழிபெயர்ப்பு 12 தொகுதிகளாக வந்தது. எழுதப்பட்ட மொழியான தமிழிலோ 1948 இல்தான் தொகுதிகள் அச்சேறத் தொடங்கின.

இந்நாட்குறிப்பைத் தழுவிப் பிரபஞ்சன் மானுடம் வெல்லும், வானம் வசப்படும் ஆகிய புதினங்களை எழுதினார். இரண்டாவது நூலுக்கு 1995 இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. பிள்ளைக்குப்பின் அவர் குடும்பத்தினரும் நாட்குறிப்பு எழுதும் வழக்கத்தைத் தொடர்ந்தனர். திருவேங்கடம் பிள்ளையின் குறிப்புகள் 1761 முதல் 1768 வரையிலான காலத்தைக் கூறுகின்றன.