ஜோசப் அர்பன்

ஜோசப் அர்பன் (மே 26, 1872 - ஜூலை 10, 1933) வியன்னாவில் பிறந்த கட்டிடக் கலைஞரும் மேடை, உள்ளக வடிவமைப்பாளரும் ஆவார். 1910களின் தொடக்கத்தில் பாஸ்டன் ஆப்பெரா நிறுவனத்தின் கலை இயக்குநராக ஐக்கிய அமெரிக்கா சென்றார். அந்நிறுவனம் நொடித்துப் போகவே, நியூயார்க்கில் தனித்தனி ஒப்பந்தங்களில் பணியாற்றத் தொடங்கினார். 1915 முதல் சீக்ஃபெல்ட் ஃபாலீஸ் என்னும் ஆடல்பாடல் நிகழ்ச்சிக்கும், 1917 முதல் மெட்ரோபாலிட்டன் ஆப்பெராவுக்கும் காட்சிகள் அமைத்தார்.

திரைச்சீலையைத் தரையில் விரித்து, பல வண்ணப் புள்ளிகளை அருகருகே இட்டுத் தீட்டுவது இவரது முறை. விளக்கொளியின் நிறம் மாறும்போது அதற்கேற்ற புள்ளிகளே எடுப்பாகத் தெரியும். இதனால் ஒரே திரை பகலாகவும் இரவாகவும் தோன்றும். ஓவியமும் ஒளியும் வெவ்வேறு தொழில்களாக இருந்த அமெரிக்க மேடைக்கு இது புதிது.

முதல் உலகப் போருக்குப் பின் வியன்னாக் கலைஞர்கள் வறுமையில் வாடினர். அவர்களுடைய கைவினைப் பொருட்களை விற்பதற்காக 1922 இல் நியூயார்க்கில் தமது பணத்தைக் கொண்டே ஒரு காட்சிக்கூடம் திறந்தார். போதிய விற்பனையின்றி அது சில ஆண்டுகளில் மூடப்பட்டது. அர்பன் பெரும் பொருளிழப்புக்கு உள்ளானார். ஒப்பந்தப் பணிகளைத் தொடர்ந்தார்.

புளோரிடாவின் மார்-அ-லாகோ மாளிகையின் அலங்காரம் இவருடையது. 1927 இல் திறக்கப்பட்ட சீக்ஃபெல்ட் அரங்கு 1966 இல் இடிக்கப்பட்டது. மேடைத் திரைகள் அதைவிடக் குறைந்த ஆயுள் கொண்டவை. இவரது வரைபடங்களும் மேடை மாதிரிகளும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.