அறிக்கைக்கு உயிர் தந்த அம்மையார்

கைவிளக்கேந்திய காரிகை என்று பள்ளிப் பாடத்தில் நாம் கண்ட புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் (1820–1910), போர்க்கள மருத்துவமனையில் விளக்கேந்திய காலம் இரண்டாண்டுக்கும் குறைவே. 1854 நவம்பரில் ஸ்கூட்டாரி சென்றவர் 1856இல் தாயகம் திரும்பினார். அதன்பின் அவர் கையில் இருந்தது எழுதுகோல். அறிவியல் மாணவராகிய நமக்கு அந்தக் கதையே சுவையானது.

1855 சனவரி ஒரே மாதத்தில், கிரிமியப் போரில் ஈடுபட்ட பிரித்தானியப் படையில் தடுக்கத்தக்க தொற்றுநோய்களால் மாண்டவர் 2,761 பேர். காயத்தால் மாண்டவர் 83 பேர் மட்டுமே! இந்த உண்மை பட்டியல்களில் புதைந்து கிடந்தது. எண்களின் காட்டுக்குள் எந்த அமைச்சர் நுழைவார்? அம்மையாருக்குத் துணைநின்ற புள்ளியியல் அறிஞர் வில்லியம் ஃபாரோ, அறிக்கை வறண்டிருப்பதே நன்று என்ற கருத்தினர். அம்மையார் அதற்கு இசையவில்லை.

வட்டத்தைப் பன்னிரு கூறாக்கினார். கூறொன்று ஒரு மாதம். நோய்ச் சாவுக்கு நீலம், காயச் சாவுக்குச் சிவப்பு, பிறவற்றுக்குக் கருப்பு. அவர் முதலில் வரைந்த படமொன்றில் மையத்திலிருந்து செல்லும் நீளமே எண்ணிக்கையைக் குறித்தது. நீளம் இருமடங்கானால் பரப்பு நான்மடங்காகத் தோன்றுமன்றோ? ஆகவே, பரப்பே எண்ணிக்கையைக் குறிக்குமாறு திருத்தி வரைந்தார். தம் கட்சிக்கு வலுச் சேர்க்கும் மிகையைத் தாமே நீக்கிய இந்த நேர்மையை, படத்தின் அழகினும் மேலாக நான் மதிக்கிறேன். 1858இல் இலண்டன் புள்ளியியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. அங்கு இடம்பெற்ற முதற்பெண் அவரே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவிலிருந்த பிரித்தானிய வீரர்களில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 69 பேர் மடிவதாக அரச ஆணைக்குழு கணக்கிட்டது. வங்காளம், பம்பாய், சென்னை மாகாணப் படைநிலையங்களுக்கு வினாத்தாள்கள் சென்றன. இந்திய மண்ணை ஒருநாளும் மிதியாத அம்மையார், நோயுற்ற நிலையிலும் விடைக்குவியல்களைப் படித்துக் குறிப்புரை எழுதினார். வடிகால் எங்கே, குடிநீர் எக்கிணற்றிலிருந்து என்பன போன்ற கேள்விகளே அதில் நிறைந்திருந்தன. நீர் சுமப்போர் முதலிய காட்சிகளைப் படங்களாகவும் சேர்த்தார். அரசாங்க அறிக்கையில் படமா என்று கருவூலம் செலவுக்கு முணுமுணுத்தபோது, அச்செலவைத் தாமே ஏற்க முன்வந்தார்.

1863இல் இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட இரு பெருந்தொகுதிகள் வெளிவந்தன. தலையணையாகலாம், படிப்பார் யார்? சுருக்கப் பதிப்பும் வந்தது. ஆனால் பாமரரும் படிக்கத்தக்க ஒரே பகுதியான அம்மையாரின் குறிப்புரை அதில் விடப்பட்டிருந்தது. அவர் வாளாவிருக்கவில்லை. அதே ஆண்டில் அக்குறிப்புரை, படங்களோடு, தனி நூலாக வெளிவந்தது.