பின்வாசலில் சாப்பிட்ட பிள்ளை, ஊருக்கே உலை வைத்த கதை



தைப்பூசம் நெருங்குது. பழநி பாதயாத்திரை வழியில அன்னதானப் பந்தல் போட நிறைய குழுக்கள் இப்பவே அரிசி, பருப்புக்கு வசூல் ஆரம்பிச்சிருப்பீங்க. அதனால இந்தத் தடவை வடலூர் வள்ளலாரைப் பத்தி எழுதறேன். அதுக்கு முன்னாடி என் தப்பு ஒண்ணைச் சொல்லிடறேன்.

சில வருஷத்துக்கு முன்னாடி எங்க குழு ரோட்டோரம் சாம்பார் சாதம் போட்டோம். பெரிய வசதி இல்லாத பசங்க நாங்க. 25 கிலோ அரிசிச் சிப்பம் ரெண்டு, துவரம்பருப்பு, பரங்கிக்காய், முள்ளங்கி, கத்தரிக்காய். எது மலிவோ அது. ஒரு சிப்பத்துக்குச் சுமாரா 250 பேர்னு கணக்கு. மத்தியானம் மூணு மணிக்கு அண்டா அடி தெரிய ஆரம்பிச்சது. கரண்டி என் கையில. அப்ப ஒரு பெரியவரும் சின்னப் பையனும் வந்து நின்னாங்க. மாலை இல்லை, பச்சை வேட்டி இல்லை. இது யாத்திரைக்காரங்களுக்கு மட்டும்தான் ஐயான்னு சொல்லிட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசலை, திரும்பி நடந்தார். பையன் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே போனான்.

அன்னைக்குச் சாயங்காலம் கூட்டம் வரவே இல்லை. இன்னொரு அண்டாவுல கால்வாசி சாதம் மிஞ்சிடுச்சு. ராத்திரி அதை மாட்டுக்குத்தான் வெச்சோம்.

அந்த வருஷமே வடலூர் போனேன். தருமசாலையில பந்தியில உட்கார்ந்தேன். நீ யாரு, எந்த ஊரு, மாலை போட்டிருக்கியான்னு யாரும் கேட்கலை. இலையில சோறு விழுந்தது. அன்னைக்கு அந்தச் சோறு எனக்கு லேசுல இறங்கலை. அதுக்கப்புறம்தான் வள்ளலார் வாழ்க்கையை ஒழுங்கா படிச்சேன்.

கந்தகோட்டத்துப் பிள்ளை

இராமலிங்கம் பிறந்தது 1823 அக்டோபர் 5, சிதம்பரம் பக்கத்துல மருதூர் கிராமத்துல. அப்பா இராமையா பிள்ளை, அம்மா சின்னம்மை. அஞ்சு பிள்ளைகள்ல இவர்தான் கடைக்குட்டி. கைக்குழந்தையா இருக்கும்போதே அப்பா காலமாயிட்டார். கடைசியில குடும்பம் சென்னைக்கு வந்து சேர்ந்தது. மூத்த அண்ணன் சபாபதி புராணச் சொற்பொழிவு செஞ்சு, அந்த வருமானத்துல குடும்பத்தைத் தாங்கினார்.

தம்பியை நல்லா படிக்க வைக்கணும்னு அண்ணனுக்கு ஆசை. ஆனா பையன் பள்ளிக்கூடம் போகாம கந்தகோட்டத்துக்குப் போயிடுவான். இன்னைக்கும் சென்னை பூக்கடைப் பக்கம் போனா அந்தக் கோயிலைப் பார்க்கலாம். அங்க முருகன் சந்நிதி முன்னாடி நின்னு பாடிட்டே இருப்பான். தெய்வமணிமாலைங்கிற 31 பாடல்களும் கந்தகோட்டத்து முருகன் மேல அவர் பாடினதுதான். நம்ம வள்ளலார் முதல்ல ஒரு முருகன் அடியார், அதை மறந்துடாதீங்க.

அண்ணனுக்குக் கோபம் வந்துடுச்சு. படிக்காதவனுக்கு வீட்டுல சோறு கிடையாதுன்னு சொல்லிட்டதா வரலாறு சொல்றவங்க சொல்றாங்க. பாவம், அவரையும் குறை சொல்ல முடியாது. ஒருத்தர் சம்பாத்தியத்துல ஓடற வீடு அது.

ஆனா அண்ணி பாப்பாத்தி அம்மாளுக்கு மனசு கேட்கலை. புருஷன் இல்லாத நேரமாப் பார்த்து, பின்வாசல் வழியா அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு சோறு போட்டாங்க. ஒருநாள் வீட்டுல அப்பாவோட திதி. விருந்துக்கு வந்தவங்க எல்லாம் முன்னாடி உட்கார்ந்து சாப்பிட, சொந்தப் பிள்ளை பின்பக்கம் ஒளிஞ்சு சாப்பிட வேண்டி வந்தது. அதைப் பார்த்து அண்ணி அழுதுட்டாங்க. அந்தக் கண்ணீருக்காகத்தான் வீட்டுக்கு வந்து படிக்கிறேன்னு இராமலிங்கம் ஒத்துக்கிட்டார்.

மாடியில தனி அறை கொடுத்தாங்க. சுவத்துல ஒரு கண்ணாடி மாட்டி, விளக்கேத்தி, அதுக்கு முன்னாடி உட்கார்ந்து தியானம் பண்ணினார். ஒருநாள் அந்தக் கண்ணாடியில தணிகை முருகன் காட்சி கொடுத்தான். அப்ப அவருக்கு ஒன்பது வயசுன்னு சொல்வாங்க. நம்மள்ல பல பேருக்கு இந்தக் கண்ணாடிக் காட்சி தெரியும். அதுக்கு முன்னாடி நடந்த பின்வாசல் சோறு பல பேருக்குத் தெரியாது.

இன்னொரு ராத்திரி. திருவொற்றியூர் போயிட்டு வர நேரமாயிடுச்சு. கதவு சாத்தியிருந்தது. யாரையும் எழுப்ப வேண்டாம்னு பசியோட திண்ணையில படுத்துட்டார். அண்ணி வந்து எழுப்பி சாப்பாடு கொடுத்தாங்க, சாப்பிட்டுத் தூங்கிட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் அண்ணி சாப்பாட்டோட வந்து எழுப்புறாங்க! அப்போ முதல்ல வந்தது யாரு? ஒற்றியூர் வடிவுடையம்மனே வந்து ஊட்டினான்னு அடியார்கள் நம்பறாங்க. பசிச்சவனுக்குச் சோறு கொண்டு வர்ற கை எந்தக் கையா இருந்தாலும் அது தாய்க் கைதான்னு எனக்குத் தோணும்.

அணையாத அடுப்பு

வளர்ந்து பெரிய புலவரா, ஞானியா பேர் வாங்கினார். 1858ல சென்னையை விட்டுக் கிளம்பி சிதம்பரம் பக்கம் வந்துட்டார். கருங்குழியில தங்கியிருந்தப்போ தண்ணியில விளக்கு எரிஞ்ச அற்புதம் உங்க எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுடறேன். அவர் வாழ்க்கையில எனக்குப் பெரிய அற்புதம் ஒரு அடுப்புதான்.

வடலூர்ல தருமசாலை கட்டணும்னு முடிவு பண்ணினார். அந்த ஊருக்கு அப்போ பார்வதிபுரம்னு பேர். ஊர் மக்கள் 80 காணி நிலம் எழுதிக் கொடுத்தாங்க. 1867 மே 23, வியாழக்கிழமை. பிரபவ வருஷம், வைகாசி 11. அன்னைக்கு சத்திய தருமசாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பு சுமார் 21 அடி நீளம். அன்னைக்கு மூட்டின நெருப்பை இன்னைக்கு வரைக்கும் அணைய விடலை. ஒரு வேளை சமையல் முடிஞ்சாலும் அடுத்த வேளைக்காகத் தணல் காத்துட்டே இருக்கும்.

அங்க போடறது ஆடம்பர விருந்து கிடையாது. சோறு, குழம்பு, ரசம். எல்லாம் சைவம். ஒரு உயிரைக் கொன்னு இன்னொரு உயிரோட பசியை ஆத்தறது தர்மம் ஆகாதுங்கிறதுல அவர் ரொம்ப உறுதி. அரிசியும் பருப்பும் காய்கறியும் மக்கள் கொண்டு வந்து கொடுக்கறதுதான்.

பணக்கஷ்டம் அங்கேயும் இருந்தது. ஒருநாள் மறுநாள் சமையலுக்கு அரிசியே இல்லைன்னு வேலை பார்த்தவங்க தவிச்சு நின்னாங்களாம். நாளைக்கு வந்து சேரும்னு அமைதியா சொல்லிட்டார். மறுநாள் வண்டியில அரிசி மூட்டை வந்து இறங்குச்சாம். இன்னொரு தடவை, சமைச்சது கொஞ்சம், வந்த கூட்டம் அதிகம். அவரே எழுந்து இலை போடச் சொல்லி தன் கையால பரிமாறினார். எல்லாருக்கும் போதுமானதா இருந்துச்சுன்னு சொல்றாங்க. நான் இதுல கவனிச்சது ஒண்ணு: ரெண்டு தடவையும் ஆளைக் குறைக்கணும்னு அவர் நினைக்கவே இல்லை.

ஜீவகாருண்ய ஒழுக்கம்னு அவர் எழுதின உரைநடையைக் கண்டிப்பா படிங்க. பசி வந்தா மனுஷனுக்கு அறிவு எப்படி மங்குது, உடம்பு எப்படித் தளருதுன்னு அனுபவிச்சவர் மாதிரி விவரமா எழுதியிருக்கார். அனுபவிச்சவர்தானே! சோறு போடும்போது எந்த தேசம், எந்த சமயம், எந்த சாதி, எப்படிப்பட்ட நடத்தைன்னு விசாரிக்கக் கூடாதுங்கிறதையும் அதுலதான் சொல்லியிருக்கார். அந்த இடத்தைப் படிச்சப்போ எனக்கு அந்தப் பையன் முகம்தான் ஞாபகம் வந்தது.

1872 ஜனவரி 25, தைப்பூசத்துல சத்திய ஞான சபையில முதல் ஜோதி தரிசனம் நடந்தது. 1874 ஜனவரி 30ஆம் தேதி மேட்டுக்குப்பம் சித்தி வளாகத்துல அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டார். ஜோதியில கலந்துட்டார்னு அடியார்கள் வணங்கறோம். ரெண்டே வருஷத்துல தாது வருஷப் பஞ்சம் தமிழ்நாட்டையே சூறையாடுச்சு. சோத்துக்கு வழியில்லாம லட்சக்கணக்கான பேர் செத்தாங்க. ஊருக்கு ஒரு அணையாத அடுப்பு எவ்வளவு அவசியம்னு அப்ப பலருக்கும் புரிஞ்சிருக்கும்.

எங்க பந்தல் இப்போ

போன ரெண்டு வருஷமா எங்க பந்தல்ல சில மாற்றம் பண்ணியிருக்கோம். உங்களுக்கும் உதவும்.

எல்லா அரிசியையும் காலையிலேயே உலையில போடறதில்லை. பாதியை மூட்டையிலேயே வெச்சுக்கறோம். கூட்டம் வரவர வடிக்கறோம். அதனால வீணாகறதும் குறைஞ்சது.

கடைசி அண்டாவுக்கு சாம்பார் சாதம் வேண்டாம். வெறும் சோறும் ரசமும் போதும். பருப்பு தீர்ந்துட்டாலும் புளி, தக்காளி, மிளகு, சீரகம் இருந்தா ரசம் வெச்சிடலாம், செலவும் கம்மி.

அரிசி சுத்தமா தீர்ந்துட்டா மோராவது கொடுக்கறோம். வெறுங்கையோட யாரையும் அனுப்பறதில்லை.

முக்கியமா, கரண்டி பிடிக்கறவங்க யாரையும் எதுவும் கேட்கக் கூடாது. எங்க குழுவுல இது ஒண்ணுதான் சட்டம். அதை நான்தான் கொண்டு வந்தேன், ஏன்னு குழுவுல எல்லாருக்கும் தெரியும்.

அந்தப் பெரியவரும் பையனும் நின்ன அதே இடத்துலதான் வருஷா வருஷம் பந்தல் போடறோம். மூணு மணி ஆனா என் கண்ணு தானா ரோட்டுப் பக்கம் போகும். இதுவரைக்கும் அவங்க வரலை. வந்தா பந்தியில முதல் இலை அவங்களுக்குத்தான்.

இந்தத் தைப்பூசத்துக்கு அன்னதானம் பண்ற குழுக்களுக்கு இதைப் பகிருங்க. கந்தகோட்டத்து முருகன் எல்லார் வயித்தையும் மனசையும் நிறைக்கட்டும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!
ஓம் சரவணபவ.